திக்கற்றவளின் கணவன்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. இன்றைய தருமபுரி அப்போது அம்மாவட்டத்தின் பகுதியே. அதைக் கொண்டுவந்த இராஜாஜி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். அவருடைய 'திக்கற்ற பார்வதி' என்னும் கதையை 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் திரைப்படமாக்கினார். படப்பிடிப்பும் தொரப்பள்ளியிலேயே நடந்தது. தருமபுரிப் பகுதிச் சபைகளுக்குப் பணியாற்றச் செல்லும் இறையியல் மாணவர் இப்படைப்பை அறிந்திருத்தல் நலம்.

கருப்பனும் பார்வதியும் இன்புற்று வாழ்ந்த எளிய தம்பதியர். குடி நுழைகிறது, பின்னே கடன் வருகிறது, குடும்பம் சிதைகிறது. குடியும் கடனும் கைகோத்து நடப்பதை நம் அருளுரைகள் பலவற்றைவிட இக்கதை தெளிவாகக் காட்டுகிறது. தலைப்பிலுள்ள சொல்லும் நமக்கு அந்நியமானதன்று. யோவான் 14:18-இல் நம் தமிழ் வேதாகமம் ஆளும் சொல் அதுவே. ஆசிரியரின் இரக்கம் பார்வதியின்மேல் தங்குகிறது, அது நியாயமே. ஆனால் கருப்பன் திக்கற்றவன் அல்லனா? அவனுக்குக் கதை காட்டும் வழி, கடை இல்லாதிருந்தால் என்பதைத் தாண்டிச் செல்வதில்லை.

இராஜாஜி 1929-இல் மதுவிலக்குக்கென நடத்திய இதழின் பெயர் 'விமோசனம்'. மீட்பைக் குறிக்கும் அப்பெரிய சொல்லை அவர் சட்டத்தின்மேல் ஏற்றினார். சட்டத்தை நாம் இகழலாகாது. கடை மூடிய நாளில் கூலி வீடு வந்து சேர்ந்ததை ஏழைக் குடும்பங்கள் அறியும். எனினும் அச்சட்டம் 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் திரும்பி, 1981-இல் மீண்டும் தளர்ந்தது; 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறை விற்பனையை நடத்துகிறது. மேலும், பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்பவனை ஊர்க்கடையின் பூட்டு எங்ஙனம் காக்கும்?

நம் பிரசங்க பீடமும் இதைவிடச் சிறந்ததன்று. 1 கொரிந்தியர் 6:10-இல் 'வெறியர்' என்னும் சொல்லை உரக்க வாசித்து அங்கேயே நிறுத்துகிறோம். அடுத்த வசனத்தில் பவுல், அப்படிப்பட்டோர் சிலர் அச்சபைக்குள்ளேயே இருந்ததை நினைவூட்டுகிறார். கழுவப்பட்டவர்களாக அவர்களை அழைக்கிறார். அதை வாசித்தாலும் ஓர் இரவில் முடிந்துபோன காரியமாகவே விளக்குகிறோம். சாட்சி சொன்னவர் மூன்றாம் மாதம் தவறினால் சபைக்கு முகங்காட்ட நாணுகிறார்; நாமும் தேடிச் செல்வதில்லை. ரோமர் 8:24-25 காட்டும் நம்பிக்கையோ இன்னும் காணாததற்காகப் பொறுமையோடு காத்திருப்பது. மறுமுறை விழுந்தவனை அந்நம்பிக்கை கைவிடுவதில்லை. கடையை மட்டும் பார்க்கும் கதையும், ஒரே இரவை மட்டும் பார்க்கும் பிரசங்கமும் இவ்விடத்தில்தான் வாயடைத்து நிற்கின்றன.

போதகர்கள் மருத்துவ உண்மை ஒன்றையும் அறிய வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றலாம், உயிரே போகலாம். அத்தகையவரை உபவாச ஜெபத்தில் அடைத்து வைப்பது விசுவாசம் ஆகாது. மருத்துவமனைக்கு உடன் சென்று, அங்கே ஜெபிக்கலாமே.

திருவிருந்தில் புளித்த திராட்சரசம் வழங்கும் சபைகள் சில உண்டு. குடியை விட்டு ஆறு மாதமானவர் முழங்காற்படியிடும்போது, அப்பாத்திரத்தின் மணமே அவருக்குச் சோதனை. புளிக்காத ரசத்தை எல்லாருக்கும் வழங்குவதா, அவருக்கு அப்பம் மட்டும் போதுமென்பதா என்று எத்தனை குருசேகரக் குழுக்கள் கூடிப் பேசியிருக்கின்றன?