முறிவுக்குப் பின்னும் குடும்பம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியைப் பற்றி இலக்கியக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது. கம்பெனிச் சம்பளம் பெண்ணின் கைக்கு வந்தது, கூடவே விவாகரத்தும் வந்தது, அதற்குப் பின் அரும்பும் காதல் தமிழ்ப் புனைவுக்குப் புத்தம் புதிய பொருள் என்கிறார்கள். வரலாற்றையும் பார்க்காத, நம் நல்ல கதைகளையும் படிக்காத பேச்சு இது.

அந்த மண்ணிலிருந்தே தொடங்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், காஞ்சியில் துறவு பூணுமுன் மனைவி தஞ்சமாம்பாளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவைத்தார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். அதற்குப் பின் அவள் எப்படி வாழ்ந்தாள் என்று சொல்ல அவை நிற்பதில்லை. இந்த ஊர்கள் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு ஜில்லாவில்தான் 1929இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, மணத்தை முடித்துக்கொள்ளும் உரிமையை ஆணுக்கும் பெண்ணுக்கும் கேட்டது. 1949இலேயே சென்னை மாகாணம் இந்துக்களின் மணமுறிவுக்குச் சட்டம் இயற்றிவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் பல சாதிகளில் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 1955இன் இந்து திருமணச் சட்டமும் அதன் மேல் கைவைக்கவில்லை.

ஊரில் இருந்த துணிவு எழுத்தில் பெரும்பாலும் இல்லை. ஜெயகாந்தனின் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ விவாகரத்துக்காக வக்கீல் வரை போகிறது. ஆனால் நாயகி கல்யாணியின் கால்கள் செயலிழக்க வேண்டும், கணவன் ரங்கா திரும்பி வர வேண்டும். அத்தனை நிமிர்வாகப் படைத்த ஒருத்தியை நோயில் கிடத்திச் சேர்த்துவைத்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ‘மௌன ராகம்’ (1986) படம் விவாகரத்துக்கான காத்திருப்புக் காலத்துக்குள்ளேயே நாயகி திவ்யாவின் மனத்தை மாற்றிவிடுகிறது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் மணம் முறித்து வந்த ஃபிர்தவ்ஸ் காதலிக்கிறாள், அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்கிறாள். சல்மா அங்கே பொய் சொல்லவில்லை. ஆயினும் பிழைத்திருப்பவளின் கதை அதில் எழுதப்படாமலே நிற்கிறது.

பாலசந்தரின் ‘அவர்கள்’ (1977) இதில் ஒரு பெரிய பாய்ச்சல். காதலன், முன்னாள் கணவன், நண்பன் மூவரையும் விட்டு ரயிலேறும் அனுவோடு மாமியாரும் கிளம்புகிறார். தாலி போன பிறகும் அறுபடாத உறவை அந்தப் படம் கண்டுகொண்டது.

அதைவிட ஆழமாகப் போனவர் ஆர். சூடாமணி (1931–2010). சாதுவான குடும்பக் கதைக்காரர் என்று ஓரங்கட்டப்பட்டவர். அவருடைய ‘நான்காம் ஆசிரமம்’ கதையின் சங்கரிக்கு மூன்று மணங்கள். முதல் கணவன் இறந்துபோகிறான், இரண்டாமவரை விவாகரத்து செய்கிறாள், மூன்றாமவர் பேராசிரியர். அவள் மறைந்த பின் இந்த இருவரும் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். கூச்சலோ வசையோ கிடையாது. ஒரு பெண் வளர வளர அவள் தேவையும் வளர்கிறது என்பதை அந்த இரண்டு ஆண்களின் வழியாகவே உணரவைக்கிறார். மணமுறிவைத் தோல்வியாகவும் காட்டாமல், வெற்றி முழக்கமாகவும் ஆக்காமல், ஒரு வாழ்க்கையின் நடுப்பகுதியாகப் பார்த்த இந்த நிதானம் அவருக்குப் பின் யாருக்கு வாய்த்தது?

ஒரகடத்தை எழுத வருபவர்களுக்கு வேண்டியது இந்த நிதானம்தான். சுங்குவார்சத்திரம் அருகே இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் வேலையில் மணமான பெண்கள் ஒதுக்கப்பட்டதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதி திறக்கப்பட்டது. கன்னி, மனைவி என்று இரண்டே கட்டங்கள் போட்டு ஆளெடுத்த இடத்தில், கையில் பிள்ளையோடு நிற்கும் மணமுறிந்தவள் எந்தக் கட்டத்தில் பெயரெழுதுவாள்? பிள்ளையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வாய்தாவுக்காக ஷிப்ட் மாற்றிக் கேட்பவள், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரனைப் பிடித்துப்போனதை வீட்டில் எப்படிச் சொல்வாள்? அவளைப் பாவம் என்றோ புரட்சிக்காரி என்றோ முத்திரை குத்தும் கதைகள் போதும். முன்னாள் கணவன், அவன் அம்மா, புதியவன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருவரையும் வில்லனாக்காமல் பேசவிடும் நாவல் வர வேண்டும். அதற்கான வாசலை சூடாமணி எப்போதோ திறந்து வைத்துவிட்டார்.