மானியத்தின் கெடுவும் பால்மரத்தின் பருவமும்

பொருள்களை ஆராய விரும்பும் முதுநிலை மாணவருக்கு மலேசியாவின் கெடா மாநிலத்துச் செமிலிங் வட்டாரம் மிக வளமானது. ஊரிலேயே எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் 2024 ஆகஸ்டில் இன்பினியன் தன் சிலிக்கன் கார்பைடு சில்லு ஆலையைத் திறந்தது. நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) பொறியியல் வளாகத்தில் பொருள், கனிமவளப் பொறியியலுக்கென்றே தனிப் புலம் உண்டு. சுற்றிலும் செம்பனை, எஞ்சிய பால்மரக் காடு.

இந்த வளம் மாணவரின் கைக்கு வந்து சேரும் முறையில்தான் எனக்குக் குறை தெரிகிறது. பேராசிரியர் உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியம் போன்ற ஒன்றைப் பெறுகிறார். மாணவர் அதில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, அதே தலைப்பில் பட்டம் முடிக்கிறார். இதன் நன்மை சிறிதல்ல. தோட்டத்துப் பிள்ளை கடன் வாங்காமல் மேற்படிப்புக்குள் நுழைய இது நல்ல வழி. தனியாளாகத் தொட முடியாத எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் இதனால் கைக்கு எட்டுகிறது.

ஆனால் மானியம் இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். அதற்குள் கட்டுரை வெளிவர வேண்டும், மாணவரும் கரையேற வேண்டும். ஆகவே சீக்கிரம் முடியும் தலைப்புகளே முந்துகின்றன. புதிதாக ஒரு நுண்துகளைச் செய்து, விளக்கொளியில் மெத்திலீன் நீலச் சாயம் எவ்வளவு நேரத்தில் வெளுக்கிறது என்று அளக்கும் சோதனை சில வாரங்களில் எண்களைத் தந்துவிடும்.

ரப்பர் பால் அப்படி அவசரப்படாது. காலையில் மங்கில் இறங்கும் பாலில் ஏறக்குறைய 30 விழுக்காடுதான் உலர் ரப்பர்; அதுவும் மரத்தின் இனம், மழை, வெட்டும் முறை ஆகியவற்றுக்கேற்ப மாறும். ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது பால் குறைகிறது, தன்மையும் மாறுகிறது. சேமித்து வைத்த ரப்பர் நாளாக ஆகத் தானே இறுகும். கட்டிப்பாலின் தரம் ஏன் ஒரே சீராக இல்லை என்று ஆராய்பவர் குறைந்தது இரண்டு இலையுதிர் பருவத்தையாவது பார்க்க வேண்டும். முதல் பருவம் கருவியைப் பழகுவதிலேயே போய்விடும். 1988இல் 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் தந்த நாடு இன்று அதில் கால்பங்குகூடத் தருவதில்லை. கையுறை ஆலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து பால் வருகிறது. பாலின் தரம் பற்றிய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வேறு எது?

மானியத்துக்கு வெளியே, அரசின் மேற்படிப்பு உதவித் திட்டமான மைபிரெய்ன்15இல் தொழில்துறை முனைவர் பட்டத்துக்கும் இடம் இருந்தது: ஊழியர் வேலையில் இருந்தபடியே ஆலையின் சிக்கலை ஆய்வாக்கலாம். சம்பளக் கவலை இல்லாததால் இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆயினும் ஆலையின் ரகசியமும் ஆய்வேட்டின் வெளிப்படையும் மோதும் இடத்தில் மாணவர்தான் நசுங்குவார்.

இந்த மண்ணை நம்பிய ஆய்வு நடக்கவே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. பக்கத்துச் சுங்கை பத்துவில் யுஎஸ்எம் தொல்லியலாளர்கள் பழைய இரும்புருக்கு உலைகளையும் துருத்தியின் களிமண் குழாய்களையும் தோண்டியெடுத்தார்கள். அங்குக் கிடைத்த செங்கல்லும் கசடும் எக்ஸ் கதிர் ஆய்வுக்குப் போயின. பல ஆண்டுகள் தொடர்ந்து தோண்ட முடிந்ததால்தான் இது கைகூடியது.

பால்மரத்துக்கும் அந்த அவகாசம் வேண்டும். மானியம் முடிந்தபின் ஓராண்டு மாணவரைத் தாங்கும் தனி உதவித்தொகையைப் பல்கலைக்கழகங்களும் லெம்பாகா கெத்தாவும் (மலேசிய ரப்பர் வாரியம்) சேர்ந்து தரலாம். தோட்ட நிர்வாகங்கள் ஒரே மர நிரையிலிருந்து மாதந்தோறும் பால் எடுக்க அனுமதித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.