விஸ்வரூபம்: தடையில் தொலைந்த விமர்சனம்

2013 ஜனவரியில், கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' தடைசெய்யப்பட வேண்டும் என்று பேசியவர்களில் நானும் ஒருவன். படத்தைப் பார்த்திருக்கவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளியில் நின்றபோது, "முஸ்லிம்களப் பயங்கரவாதியாக் காட்டியிருக்காங்களாம்" என்றார் ஒரு காக்கா. எனக்கு அது போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது பலருக்கும் ஞாபகமிருக்கும். தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தை, முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பை அடுத்து, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி மாநில அரசு இரண்டு வாரங்களுக்கு நிறுத்தியது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடையை விலக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கடைசியில், ஏழு இடங்களைத் திருத்த உடன்பட்ட பிறகு, பெப்ரவரி 7இல் படம் அங்கே வெளியானது. இலங்கையிலும் திரையீடு நிறுத்திவைக்கப்பட்டது. வென்றுவிட்டதாகவே நினைத்தோம்.

பிறகு, திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் வாங்கிய சீடியில் படத்தைப் பார்த்தேன். வெட்டினால் சரியாகிவிடும் படமல்ல அது. கோளாறு கதைக்கட்டிலேயே இருக்கிறது. ஆபத்து எங்கிருந்து வரும் என்பதற்கு அரசியல் திரில்லர் அடையாளங்கள் கொடுத்துக்கொண்டே போகும். இதிலே அந்த அடையாளங்கள் தாடி, தொழுகை, அரபு ஓதல். கதாநாயகனும் முஸ்லிம்தானே, அவனும் தொழுகிறானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவன் உளவுத்துறை ஆள். அரசுக்கு உழைக்கிற முஸ்லிமின் தொழுகைக்கு மட்டும் பயப்படத் தேவையில்லை என்று படம் சொல்லாமல் சொல்கிறது. கின்னியாவில் மீன் விற்கிறவர், மூதூரில் வயல் செய்கிறவர் மாதிரி, ஒற்றனும் கொலைகாரனுமில்லாத சாதாரண முஸ்லிமுக்கு அந்தக் கதையின் நடுவில் இடமில்லை.

நல்ல காட்சியும் உண்டு. தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாரான இளைஞன் ஒருவன், தன்னை ஊஞ்சலில் ஆட்டிவிடச் சொல்கிறான். அந்தக் கொஞ்ச நேரம் திரில்லர் நின்றுவிடுகிறது, பிள்ளையொன்று தெரிகிறது. படம் முழுக்க அந்தக் கண் இருந்திருந்தால் அது வேறு படம்.

இதையெல்லாம் நான் 2013இல் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, தடை கேட்டேன்.

2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய 'நவரசம்' கவிதைத் தொகுதி தீவிரவாதம் போதிக்கிறதாம். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு, அது தீவிரவாதத்துக்கு எதிரானது என்றார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் மறியலில் இருந்தவருக்கு 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது; 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு படம் இரண்டு வாரம் பிந்தியதும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் 'இப்படியாம்' என்ற சொல்லை வைத்து ஆக்கமொன்றுக்குத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் ஒன்றுதான். அந்தக் கத்தரிக்கோலை அரசின் கையில் கொடுத்தவர்களில் நாமும் இருக்கிறோம்.

இதை உயர்தர வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப சேர், நம்மளப் பத்திப் பிழையாப் படமெடுத்தா சும்மா இருக்கிறதா?"

சும்மா இருக்கச் சொல்லவில்லை. முழுதாகப் பார்த்துவிட்டு, எந்தக் காட்சி, எப்படிப் பிழை என்று பெயர் போட்டு எழுதிவரச் சொன்னேன். மூன்று பேர் எழுதி வந்தார்கள். அதில் ஒன்று எனக்கே மறுப்பு.