மேடையேறிய வீடு

அம்மாவின் வீட்டை விற்பதென்று முடிவானதும் முதலில் சாயம் பூசப்பட்டது சமையலறைக் கதவின் பின்புறத்துக்குத்தான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அம்மா அதில் எழுதி வந்திருந்தார். பால் வராத நாட்களுக்குச் சிறு கோடுகள், சிலிண்டர் மாற்றிய தேதிகள், மாவு மில்லுக்குக் கொடுத்தனுப்பிய மிளகாயின் எடை, சீட்டுப் பணம் கட்டிய மாதங்கள். தொடக்கத்தில் கரித்துண்டு, பிறகு சாக்பீஸ், பிறகு என் பள்ளிக்கூடப் பென்சில், கடைசியில் தம்பி மகளின் ஸ்கெட்ச் பேனா. கல்வெட்டும் சுவடியும் படிக்கப் பழகியவள் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொள்ளும் நான் அந்தக் கதவை ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. இரண்டு கோட் போதும் என்றார் பெயின்டர். மூன்று தேவைப்பட்டது. வெளிர் சந்தன நிறம். அதைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

உறையூரில் 1983இல் கட்டிய வீடு அது. அப்பாவின் அலுவலகக் கடனும் அம்மாவின் பதினெட்டுப் பவுனும் சேர்ந்து எழும்பிய சுவர்கள். கடனுக்குக் காகிதம் இருந்தது, நகைக்கு இல்லை. பத்திரம் அப்பாவின் பெயரில். அவர் போன பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தார். எழுபத்து நான்கு வயதில் இருமுறை வழுக்கி விழுந்ததும், சென்னையில் தம்பி வீட்டுக்கு அவரை அழைத்துக்கொள்வது என்றாயிற்று. வீட்டை விற்றதில் எனக்குப் புகார் எதுவுமில்லை. விற்பதற்கு முன் அதை நாங்கள் என்ன செய்தோம் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விற்கப்போகும் வீட்டை அலங்கரித்துக் காட்டுவது மேலைநாடுகளில் இன்று ஒரு தனித் தொழில். 1970களில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் வீடு விற்பனைத் துறையில் இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணிதான் இதற்கு ‘ஸ்டேஜிங்’ என்று பெயர் வைத்தவர் எனச் சொல்வார்கள். மேடையேற்றுதல். பெயரிலேயே நாடகம் இருக்கிறது. அந்தத் தொழிலின் விதிகள் எளியவை. பாதிச் சாமான்களை அப்புறப்படுத்து, சுவர்களுக்கு யாரையும் உறுத்தாத நிறம் அடி, குடும்பப் புகைப்படங்களைக் கழற்று, வாங்க வருபவர் மூக்குக்கு ரொட்டி வேகும் வாசனை வரட்டும். அங்கே வாழ்ந்தவர்கள் கண்ணில் படக்கூடாது. அப்போதுதான் வருகிறவர் தன்னை அங்கே வைத்துப் பார்ப்பார்.

இந்தத் தொழில் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. அதன் விதிகள் எப்போதோ வந்துவிட்டன. எங்களுக்கு வாய்த்த தரகர் நல்ல மனிதர், கமிஷனில் கறார். முதல் நாளே வீட்டைச் சுற்றி வந்து பட்டியல் சொன்னார். ஹாலில் உள்ள ஈரக்கறையை மறைக்க பீரோவை நகர்த்த வேண்டும். கொல்லைப்புறத்து ஆட்டுக்கல்லை எடுத்துவிட வேண்டும், இடத்தை அடைக்கிறது. துவைக்கும் கல்லை உடைத்தால் பைக் நிறுத்த இடம் என்று சொல்லிக்கொள்ளலாம். மாலை போட்ட அப்பா படம் வேண்டாம், சாமி படங்கள் இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் கருவாடு வேண்டாம், ஆள் வருகிற அன்று சாம்பிராணி போடுங்கள். கருவாட்டு வாசனையில் இவர்கள் என்ன ஆட்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்பது அவர் கவலை. அமெரிக்காவில் ரொட்டி, இங்கே சாம்பிராணி. ‘யாரையும் உறுத்தாத’ என்ற சொல்லுக்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு சாதி இருக்கிறது.

பட்டியலின் கடைசி வரியை அவர் என்னிடம் சொல்லவில்லை. தம்பியிடம் தனியே சொன்னார். ஆட்கள் வரும்போது அம்மா உள்ளே இருக்கட்டும், தம்பி மனைவி கதவைத் திறக்கட்டும்.

காரணத்தை யாரும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. புதுமனை தேடி வருகிறவர்கள் நிலைப்படியில் முதலில் பார்ப்பது பூவும் குங்குமமும் வைத்த முகமாக இருக்க வேண்டும். தம்பி மனைவி இதை விரும்பிச் செய்தாள் என்று சொல்வதற்கில்லை. “அத்தை, உங்களுக்கு முட்டி வலிக்குமே, உள்ள படுத்துக்கங்க” என்று அவள் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். அம்மா ஒன்றும் கேட்காமல் பின்னறைக்குப் போனார். கணவனை இழந்த பெண் எந்த வேளையில் எந்த அறையில் இருக்க வேண்டும் என்பது பன்னிரண்டு ஆண்டுகளில் அவருக்குப் பழகிப்போயிருந்தது. பெண்ணியக் கூட்டங்களில் பேசுகிற நான் அன்று என்ன செய்தேன்? பின்னறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தேன்.

இதைப் பெண் பார்க்கும் சடங்கோடு ஒப்பிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். தரகர், பலகாரம், குறை மறைத்தல், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்ற விடைபெறல் எல்லாமே கச்சிதமாகப் பொருந்துகின்றன. கச்சிதம்தான் சந்தேகத்தைத் தந்தது. பெண் பார்க்கையில் பெண்ணை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வீடு காட்டுகையில் அவளைப் பின்னால் அனுப்பிவிடுகிறார்கள். விற்பனைக்கு இருப்பது அவள் நாற்பது ஆண்டுகள் பெருக்கி, துடைத்து, ஒழுகலுக்கு வாளி வைத்துக் காப்பாற்றிய ஒன்று. அதன் மேல் அவள் கைத்தடம் தெரிந்தால் விலை குறையும். அந்தத் தடத்தை அழிப்பதும் பெண்களின் கூலியில்லா வேலையே. ஒரு வாரம் தம்பி மனைவியும் நானும் வேலைக்கு வரும் அக்காவும் சேர்ந்து அம்மாவைத் துடைத்தோம். அக்கா ஒருத்திக்குத்தான் சம்பளம்.

வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்போதெல்லாம் அரண்மனை வருணனையைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவேன். மாணவர்கள் தூங்கிவிடுவார்கள் என்ற பயம். இந்த ஆண்டு அங்கேயே நின்றேன். கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்து, நூல் பிடித்து, யானை கொடியோடு நுழையும் உயரத்தில் வாயில் வைத்து எழுப்பிய வீடு. முற்றம், தூண், சுவர் ஓவியம், கட்டில் என்று வாசகரை நக்கீரர் படிப்படியாக உள்ளே அழைத்துப் போகிறார். தேர்ந்த தரகரும் இப்படித்தான் அழைத்துப் போவார். ஆனால் எல்லா அலங்காரத்துக்கும் நடுவில் அவர் காட்டுவது அலங்காரமில்லாத ஒரு பெண்ணை. பொன்வளை கழற்றிச் சங்குவளையும் காப்புநூலும் மட்டும் தரித்து, கண்ணீரோடு, மேலே விதானத்தில் எழுதிய நிலவையும் உரோகிணியையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அவளைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டு அந்த மாளிகையை வருணித்திருந்தால் அது கட்டடக் கலைக் குறிப்பாக மிஞ்சியிருக்கும். அதற்காக நக்கீரரைப் பெண்ணியவாதி ஆக்க நான் வரவில்லை. அவள் காத்திருப்பது போர்ப்பாசறையில் இருக்கும் கணவனுக்காக. அவளுக்கென்று வேறு வேலையைப் பாட்டு தரவில்லை.

வேலை இருந்த இடம் சமையலறை. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் படித்த பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறையின் வெளிச்சத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. சொந்த வீட்டில் பார்க்கத் தவறியது மேடையின் உயரம். மேடை தாழ்வாக இருக்கிறது, இது பெரிய குறை என்றார் தரகர். அப்போதுதான் அம்மா சொன்னார், கொத்தனார் அவரை நிற்கச் சொல்லி, இடுப்புக்குக் கயிறு பிடித்து அளந்து அந்த மேடையைக் கட்டினாராம். அம்மா குள்ளம். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் உடலின் அளவுக்கு அமைந்தது அந்த ஏழடிக் கடப்பைக்கல் ஒன்றுதான். மற்ற அலமாரிகள் எல்லாம் அப்பாவின் கை எட்டும் உயரம். அம்மா நாற்பது ஆண்டுகள் முக்காலி போட்டு ஏறினார். தம்பி மேடையை இடித்து மாடுலர் கிச்சன் போடலாமா என்று கணக்குப் பார்த்தான். செலவு அதிகம் என்பதால் மேடை தப்பியது.

“சார்தான் பேசுவாங்க, ஆனா மேடம்தான் முடிவு பண்ணுவாங்க. கிச்சன் பளிச்சுனு இருக்கணும்” என்று தரகர் ஒவ்வொரு முறையும் சொல்வார். வந்த ஏழு குடும்பங்களிலும் ஆண்கள் பட்டா, வில்லங்கம், அப்ரூவல் கேட்டார்கள். ஒருவர் கைபேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அக்னி மூலை தேடினார். பெண்கள் குழாயைத் திறந்து பார்த்தார்கள். ஏழாவதாக வந்த பெண் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சமையலறையிலிருந்து நேராகக் கொல்லைப்புறம் போய்ச் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தார். புதுச் சாயம் மார்பளவு வரை மட்டும் சற்று அடர்த்தியாக இருந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“மழைக்குத் தண்ணி நிக்குமாங்க?” என்று தம்பி மனைவியிடம் கேட்டார். அவள் விழித்தாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது. பின்னறை ஜன்னலுக்கு உள்ளிருந்து பதில் வந்தது.

“ஐப்பசி கார்த்திகையில நிக்கும்மா. வாய்க்கா ரொம்பிட்டா முழங்கால் அளவு வரும். ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். ஆனா வீட்டுக்குள்ள வந்ததில்ல.”

பிறகு அம்மா வெளியே வந்தார். கொல்லை மதகில் எந்த ஓட்டையைச் சாக்கு வைத்து அடைக்க வேண்டும், கோடையில் கிணற்றுத் தண்ணீர் எந்த வாரம் உப்புக் கரிக்கத் தொடங்கும், மாடியில் எந்த இடத்தில் ஒழுகும், எதிர் வீட்டு ஆள் எப்படிப்பட்டவர், மாலை நாலு மணிக்குமேல் எந்த ஜன்னலில் காற்று வரும் என்று அரைமணி நேரம் பேசினார். பீரோவை நகர்த்தச் சொல்லி ஈரக்கறையையும் காட்டினார். தரகர் தலையில் கைவைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் சாயமும் சாம்பிராணியும் ஒரு வாரமாகக் கட்டியெழுப்பிய நாடகம் அத்தோடு முடிந்தது. அந்த வீட்டைப் பற்றி யாரும் பேசிய ஒரே முழுமையான பேச்சும் அதுதான். அறிவு என்று நாம் பல்கலைக்கழகத்தில் எதைச் சொல்கிறோமோ அதற்குரிய எல்லா இலக்கணமும் அதற்கு இருந்தது. நீண்ட கால அவதானிப்பு, ஒப்பீடு, விதிவிலக்கு. அதன் குறிப்பேட்டைத்தான் நான் மூன்று கோட் அடித்து மூடியிருந்தேன்.

அவர்களே வாங்கினார்கள். கணவர் தண்ணீரைக் காரணம் காட்டி இரண்டு லட்சம் குறைத்தார். அந்த இரண்டு லட்சத்தைத் தம்பி இன்றும் அம்மா கணக்கில்தான் எழுதுகிறான்.

பத்திரத்துக்கு என் கையெழுத்தும் அம்மாவின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம் என்பதால் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே இதைத் தந்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை மட்டும் தனியாக எடுத்துவைத்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. மகளுக்கு அங்கே தங்கும் உரிமை உண்டு. அதுவும் அவள் மணமாகாதவளாக, கைவிடப்பட்டவளாக, கணவனைப் பிரிந்தவளாக, அல்லது விதவையாக இருந்தால். வாழ்க்கை சரியாக அமைந்த மகளுக்கு அப்பா வீட்டில் வேலையில்லை என்று சட்டமே நம்பியது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தப் பிரிவை நீக்கியது. அதற்குப் பிறகும் பல வீடுகளில் மகள்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பட்டுப்புடவையோடு ஊர் திரும்புகிறார்கள். என் தம்பி அதைக் கேட்கவில்லை. அதை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டது எனக்கே பிறகு வெட்கமாக இருந்தது.

பத்திரம் என்ற இலக்கிய வகையைத் தமிழ்த்துறைகள் கண்டுகொள்வதில்லை. நான்கு எல்லை, சதுர அடி, கதவு நிலவு சாமான்கள், மின் இணைப்பு, அதற்கான டெபாசிட் சகிதம் என்று ஒரு வீட்டை இவ்வளவு விவரமாக வேறு எந்தப் பிரதியும் சொல்வதில்லை. வாங்குகிறவர் அதைப் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாக’ ஆண்டு அனுபவிக்க வேண்டும். மகன், மகன் வழிப் பேரன். வாங்கியவர்களுக்கு இருப்பது இரண்டு பெண் குழந்தைகள். பத்திர எழுத்தரிடம் இதை ‘வாரிசுகள்’ என்று மாற்றச் சொன்னேன். “மாதிரி அப்படித்தான் மேடம் இருக்கு” என்று சிரித்துவிட்டு மாற்றினார். அச்சாகி வந்தபோது அடுத்த பக்கத்தில் அது மறுபடியும் இருந்தது. பதிவு கணவர் பெயரில். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை தருகிறது தமிழ்நாடு அரசு, பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு. பத்து லட்சத்துக்குத் திருச்சியில் என்ன வீடு கிடைக்கும் என்று அந்த ஆசிரியை என்னிடம் கேட்டார். இருவரும் சிரித்தோம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மா படத்துக்கு முகம் காட்டி, விரல்ரேகை வைத்து, கையெழுத்துப் போட்டார். கதவில் இருந்த அதே சாய்ந்த எழுத்து.

இப்போது சென்னையில் எட்டாவது மாடியில் இருக்கிறார். அங்கே சமையல் மேடை உயரம். அந்த ஆசிரியை மாதம் ஒருமுறையாவது அவருக்குப் போன் செய்கிறார். போன புரட்டாசியில் கேட்டது, மழைக்கு முன் மதகில் எந்தப் பக்கம் சாக்கு வைக்க வேண்டும் என்று. அம்மா இருபது நிமிடம் பேசினார். வைத்த பிறகு, “அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டே கேக்குது” என்றார் என்னிடம்.