மேல்காற்றும் நெஞ்சுப் பட்டையும்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆடி மாதத்தில் வெயில் ஏறிய பிறகு அந்தச் சாலையில் மேற்கே சைக்கிள் மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தொடுவதே பெரும்பாடு. திரும்பும்போது அதே கால்கள், அதே வண்டி, வேக மீட்டர் 30 காட்டும். போக 80 நிமிடம், வர 40 நிமிடம், சராசரி 20. இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கி 22.5 என்று சொல்ல முடியாது. மெதுவாகப் போன நேரம்தான் அதிகம். காற்று ஓய்ந்த ஒரு மாசிக் காலையில் இதே ஆள் இதே உழைப்பில் 23, 24 போயிருப்பார். அப்படியானால் ஆடியில் அவர் உடல் தளர்ந்துவிட்டதா? மீட்டரை மட்டும் நம்புகிறவர் அப்படித்தான் நினைத்துக்கொள்வார். மறுநாள் நெஞ்சு வெடிக்க மிதிப்பார்.

சைக்கிளில் வயர்லெஸ் மீட்டரும் இதயத் துடிப்பு மானியும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் பெருநகரங்களைத் தாண்டி வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் பெரும்பாலோர் அதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பெரிய திரை, வரைபடம், வேகம் என்று காசைக் கொட்டிவிட்டு, துடிப்பு அளக்கும் பட்டையைக் கடைசியாக, மலிவாக வாங்குகிறார்கள். கரிசல் சீமையில் இந்த வரிசை மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதல் செலவு நெஞ்சுப் பட்டைக்கு. வேகத்துக்கு மிச்சம் இருந்தால் போதும்.

காரணம் காற்று. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்கிற மேல்காற்றுக்குத் தடுப்பாக இங்கே மலையும் இல்லை, காடும் இல்லை. கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதும், தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தை அங்கே வைத்திருப்பதும் இதனால்தான். காற்றுத் தடை, காற்றோடு ஒப்பிட்ட வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அவர் சமாளிக்க வேண்டிய காற்றுத் தடை நான்கு மடங்கு. திரையில் தெரிவது வெறும் 20. அந்த நான்கு மடங்கு பாரத்தை உணர்ந்து சொல்லக்கூடியது இதயம் ஒன்றுதான். (கால் எவ்வளவு விசையோடு மிதிக்கிறது என்று அளக்கும் பவர் மீட்டர் இன்னும் துல்லியமாகச் சொல்லும், ஆனால் அதன் விலையில் ஒரு நல்ல சைக்கிளே வாங்கிவிடலாம்.)

ஆனால் இதயமும் வெயிலில் நேர்ச்சொல் சொல்வதில்லை. துடிப்பு அளக்கும் இந்தக் கருவி பிறந்தது பனி நாட்டில். பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்காகப் பேராசிரியர் செப்போ சைனாயாகங்காஸ் 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம், 1982இல் உலகின் முதல் வயர்லெஸ் துடிப்பு மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பங்குனி, சித்திரையில் எட்டயபுரம் சாலையில் மிதிக்கிறவரின் உடல் வேறு கணக்கில் ஓடுகிறது. வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு குறைய, அதை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. உழைப்பு மாறாமலே ஒரு மணி நேரத்தில் பத்து, பதினைந்து துடிப்பு ஏறிவிடலாம். இதை அறியாதவர் தான் கடுமையாக உழைப்பதாக மகிழ்வார். அறிந்தவருக்கோ அதுவே எச்சரிக்கை. முதல் அரை மணி நேரத்தில் காட்டும் எண்ணை உழைப்பின் அளவாகவும், அதற்குப் பின் காரணமில்லாமல் ஏறும் எண்ணைத் தண்ணீர் குடிக்கவும் நிழலில் நிற்கவும் வந்த அழைப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு பயனுக்காகவே பட்டையின் விலை தகும்.

பட்டைக்கும் இந்த ஊரில் ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலையில் விளாத்திகுளம் சாலையில் கிளம்பிய ஒருவரின் திரையில், இன்னும் மூச்சுகூட வாங்கத் தொடங்காத நேரத்தில், 214 என்ற எண்ணைப் பார்த்திருக்கிறேன். பதறிப்போய் இறங்கி, சட்டையை விலக்கி, பட்டையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார்: காய்ந்து கிடந்தது. இதயத்தின் மின்துடிப்பைப் பட்டை தோல் வழியாகத்தான் வாங்குகிறது. இடையில் ஈரம் வேண்டும். போதாததற்கு, வறண்ட காற்றில் படபடக்கும் பாலியஸ்டர் சட்டை நிலைமின்சாரத்தை உண்டாக்கி அந்தச் சிறு துடிப்பைக் குழப்பிவிடும். வாட்டர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துப் பட்டையில் தடவி, சட்டையை இறுக்கிப் போட்டதும் எண் 104க்கு வந்து நின்றது. வியர்வை சுரந்த பிறகு இந்தத் தொல்லை இல்லை. வீடு திரும்பியதும் பட்டையை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் உப்புப் படிந்து சில மாதங்களில் கெட்டுப்போகும்.

கையில் கட்டும் கடிகாரம் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி ரத்த ஓட்டத்தைக் கணிக்கிறது. கருந்தோலில் அதன் பிழை எவ்வளவு கூடும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அசைவில் பிழை கூடும் என்பதில் ஒத்துப்போகின்றன. கிராமச் சாலைகளின் குண்டு குழியில் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருக்கும் மணிக்கட்டைவிட மோசமான இடம் அந்தக் கருவிக்கு வாய்க்காது. நடைப்பயிற்சிக்கு அது போதும்.

பட்டை வாங்கும்போது ஏஎன்டி பிளஸ், புளூடூத் என்ற வயர்லெஸ் முறைகள் இரண்டிலும் பேசுவதாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய அனலாக் வகைகள் 5 கிலோஹெர்ட்ஸ் காந்த அலையில் அனுப்புபவை. உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் போனால் உளறும். காற்றாலை மின்சாரத்தைச் சுமந்து கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கயத்தாறு வட்டாரத்தில் அது உதவாது. பேட்டரி சிஆர் 2032 ஆக இருந்தால் எந்த வாட்ச் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். சாதனங்களைப் பெரும்பாலும் இணையத்தில் வாங்கிப் பழுதுக்கு வெளியூருக்கு அனுப்பும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வேகச் சென்சாரில், கம்பியில் மாட்டும் காந்த வகை மலிவு. காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் அரசு தரும் விலையில்லா சைக்கிளில்கூட வேலை செய்யும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிப்பாதையில் இறங்கினால் கரிசல் மண் ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே களிம்பாக அப்பி, சென்சாரை இடம் நகர்த்திவிடும். ஹப்பில் ரப்பரால் கட்டும் காந்தமில்லா வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. சீமைக்கருவேல முள்ளுக்கு அஞ்சித் தடித்த டயருக்கு மாறுகிறவர்கள் சக்கரச் சுற்றளவை மீண்டும் அளந்து பதிய வேண்டும். ட்யூப் வால்வு தரைக்கு நேரே வரும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியில் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று உருட்டி, நகர்ந்த தூரத்தை அளந்தால் போதும். 2,100 மில்லிமீட்டரில் 21 பிசகினால் நூறு கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் பிழை. மீட்டரின் திரை கருப்பு வெள்ளையாக இருப்பதே நல்லது. உச்சி வெயிலில் அதுதான் நன்றாகத் தெரியும். செல்போனை ஹேண்டில்பாரில் மாட்டினால் சூடேறி அணைந்துவிடுகிறது.

மிச்சமிருப்பது துடிப்பின் எல்லைக் கணக்கு. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற சூத்திரத்தைத்தான் பல மீட்டர்கள் தாமாகவே பதிந்துகொள்கின்றன. 1971இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து பரவிய தோராயக் கணக்கு அது. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு சாதாரணமாக மாறும். 2001இல் தனகா என்ற ஆய்வாளரின் குழு தந்த சூத்திரத்தில், 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்க வேண்டும். நாற்பது வயதில் இரண்டும் 180. அறுபதில் ஒன்று 160, மற்றது 166. மருத்துவர் சொல்லி ஐம்பதில் சைக்கிளுக்குத் திரும்புகிறவர்களில் பலர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள். அது அடெனலால், மெட்டோபுரோலால் வகையாக இருந்தால், எவ்வளவு மிதித்தாலும் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. மீட்டர் காட்டும் ‘பாதுகாப்பான’ பச்சை மண்டலத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. அவர்கள் மிதிக்கும்போது இரண்டு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிகிறதா என்று பார்ப்பது எந்தத் திரையையும்விட நம்பத்தக்கது. தங்களுக்கான எல்லையை, மாத்திரை எடுக்கும் நிலையிலேயே மருத்துவரிடம் டிரெட்மில் சோதனை செய்து தெரிந்துகொண்டு, அந்த எண்ணை மீட்டரில் தாங்களே பதிய வேண்டும்.