மரியாச்சியின் அடிநாதம்

மரியாச்சி இசை பிறந்த மண் மேற்கு மெக்சிகோ: ஹலிஸ்கோ, நயாரித், கொலிமா, மிச்சோவகான் மாநிலங்கள். கொக்குலா என்ற ஊரே தாய்வீடு என்று அந்த ஊர்க்காரர்கள் சாதிப்பார்கள். ஒரே ஊருக்குப் பட்டா போட்டுக் கொடுக்க முடியாதபடி அந்த வட்டாரம் முழுவதும் பரவியிருந்தது 19ஆம் நூற்றாண்டின் அந்தப் பண்ணைக் கச்சேரி. ஆனாலும் கொக்குலாவுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தெகலித்லான் பக்கத்துக் குழுக்கள் கீழ் ஸ்வரங்களை ஹார்ப்பிடம் விட்டிருந்தபோது, கொக்குலாக்காரர்கள் அவற்றைக் கிதாரோனிடம் ஒப்படைத்தார்கள். பின்னாளில் வென்றது கொக்குலாவின் வழிதான்.

அந்த வெற்றிக்குக் காரணம் வாத்தியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹார்ப்பைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பது பெரும்பாடு. கிதாரோன் தோளில் தொங்கும். முதுகு புடைத்த பெரிய உடல், குட்டைக் கழுத்து, ஆறு தந்திகள், மெட்டுகள் கிடையாது. அதனால் சுருதி முழுக்க இடது கை விரல்களின் பொறுப்பு. வலது கையோ ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில், இரண்டு தந்திகளில், ஒரே நேரத்தில் இழுத்துச் சுண்டுகிறது. திறந்தவெளியில் ஒலிபெருக்கி இல்லாமலே அந்த ஒலி எட்டுவது இந்த இரட்டைச் சுண்டலால்தான். சோன் வகைப் பாடல்களில் ஆறு மாத்திரைகள் ஒரு கணம் மும்மூன்றாகவும் மறுகணம் இரண்டிரண்டாகவும் பிரியும். அந்தத் தாவலை விஹுவேலா என்ற சிறு கிதார் சலசலத்துக் காட்ட, கிதாரோன் ஊன்றி நிறுத்துகிறது. எந்த மாத்திரையில் சுண்டாமல் விடுவது என்பதில்தான் தேர்ந்த கை தெரியும்.

கொக்குலா நால்வர் குழு 1908இல் பதிவுசெய்த இசைத்தட்டுகளில் டிரம்பெட் கிடையாது: இரண்டு வயலின், விஹுவேலா, கிதாரோன், அவ்வளவுதான். குறை எதுவும் தோன்றவில்லை.

மெக்சிகோ புரட்சிக்குப் பிறகு கலைஞர்கள் பிழைப்புத் தேடி மெக்சிகோ நகருக்கு வந்தார்கள். 1911இல் புரட்சித் தலைவர் மதேரோவின் பக்கம் நின்று போரிட்ட பெப்பினோ கரிபால்டியின் பெயர் 1920களின் தொடக்கத்தில் சூட்டப்பட்ட சதுக்கம் அவர்கள் கூடும் இடமானது. கொக்குலாக்காரர் ஒருவர் அங்கே திறந்த தெனம்பா மதுக்கூடமும், அதே ஊர் மரபில் வந்த சிரிலோ மர்மொலேஹோவின் குழுவும் அந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தன. பாட்டுக்கு இவ்வளவு என்று பேசி வாசிக்கும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு.

வானொலியும் சினிமாவும் டிரம்பெட்டை முன்னால் கொண்டுவந்தன. வர்காஸ் என்ற மரியாச்சிக் குழுவில் டிரம்பெட் வாசித்த மிகேல் மார்ட்டினஸைக் கேட்டவர்கள் அந்த வாத்தியத்தைப் பழிக்க மாட்டார்கள். வயலின்களுக்கு இடம்விட்டு வாசிக்கும் நாகரிகம் அவருடையது. 1950களில் இரட்டை டிரம்பெட் வழக்கமானதும் அந்த நாகரிகம் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. டிரம்பெட் இல்லாமல் மரியாச்சி இல்லை என்போர் 1908இன் தட்டுகளை ஒருமுறை கேட்பது நல்லது.

இன்றைய கரிபால்டியில் சதுக்கம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. 2010இல் தெக்கிலா அருங்காட்சியகமும் வந்துவிட்டது. இசைதான் மெலிந்திருக்கிறது. காசு கொடுப்பவர் கேட்பது தெரிந்த ராஞ்செரா பாடல்களையே. அடிக்கணக்கு சிக்கலான பழைய சோன்களைக் கேட்பவர் குறைவு. பக்கத்துப் பக்கத்தில் நின்று போட்டிபோடும் டிரம்பெட்டுகளின் கூச்சலில் கிதாரோன் அமுங்கிப்போகிறது. 2011இல் யுனெஸ்கோ மரியாச்சியை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபாக அறிவித்தது; அந்தச் சிறப்பு சதுக்கத்தின் இரைச்சலைக் குறைக்கவில்லை.

கரிபால்டியில் ஒரு குழுவைப் பேசி அமர்த்துபவர் வெள்ளிப் பொத்தான்களையோ டிரம்பெட்டுகளின் எண்ணிக்கையையோ பார்க்க வேண்டியதில்லை. ஒரு பழைய சோனைக் கேட்டு, கிதாரோன்காரரின் வலது கையைக் கவனித்தால் போதும்.