கடவுளுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி?

நார்ஸ் புராணத்தின் தலைமைத் தெய்வமான ஓடினுக்கு 300 உயிர்ப்புள்ளிகள். 1976இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த ஒரு மெல்லிய நூலில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும் எழுதிய அந்நூலின் பெயர் ‘காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்கு அது துணைநூல்.

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். உயிர்ப்புள்ளி என்பது ஒருவர் அடி தாங்கும் அளவு. அது தீர்ந்தால் சாவு. அந்த அளவுகோலைத்தான் கடவுளுக்கும் வைத்தார்கள். நூலின் முன்னுரையில் பதிப்பாசிரியர் டிம் காஸ்க் அதற்கு ஒரு காரணம் சொன்னார். சில மேசைகளில் வீரர்கள் வரம்பில்லாமல் வளர்ந்து நாற்பதாம் படிநிலையையும் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஓடினுக்கே இவ்வளவுதான் என்று காட்டினால் அவர்களுக்கு உறைக்கும் என்று அவர் நம்பினார். நடந்தது வேறு. எண்ணைக் கொடுத்தால் அதைக் குறைக்கத்தானே ஆட்டக்காரர் பார்ப்பார்? பல மேசைகளில் அந்தக் கடவுளர் பட்டியல் வேட்டைப் பட்டியலாகவே வாசிக்கப்பட்டது.

தெய்வங்களை அடிபிடிக் கணக்கில் அளந்து தொடங்கிய இந்தப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத் துறை, பக்தியைப் பற்றிப் பேச எப்படிக் கற்றுக்கொண்டது? ஏறத்தாழ ஐம்பதாண்டு வரலாறு இது. கடவுளை விட்டுவிட்டு, கும்பிடுகிறவனைப் பார்க்கத் தொடங்கிய இடங்களில்தான் இத்துறை உண்மையாக வளர்ந்திருக்கிறது.

பூசாரி என்ற பாத்திரம் வந்த கதையிலேயே கும்பிடுகிறவனைப் பார்க்காத குறை இருக்கிறது. ஆர்னசனின் மேசையில் ஓர் ஆட்டக்காரர் இரத்தக்காட்டேரியாக மாறி அடங்காமல் ஆட, அவரை அடக்க ஒரு புனிதர் தேவைப்பட்டார். சிலுவையோடு காட்டேரியைத் துரத்தும் திகில் படங்கள்தாம் முன்மாதிரி. மந்திரங்களுக்கு விவிலியம் கைகொடுத்தது: கோல் பாம்பாகும், நீர் பிளக்கும், பூச்சிகள் படையெடுக்கும். ஆனால் இந்தப் பூசாரி யாரைத் தொழுகிறார் என்பதை 1974 விதிகள் கேட்கவே இல்லை. அவர் காயத்துக்குக் கட்டுப்போடும் ஆளாக, கூட்டத்தோடு நடந்துவரும் மருந்துப்பெட்டியாக இருந்தார். மந்திரம் நாள்தோறும் தானாகத் திரும்பக் கிடைத்தது. அதற்காக அவர் எதையும் இழக்கவில்லை.

1980இல் அந்தத் துணைநூல் ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்ற கெட்டி அட்டை நூலாக விரிந்தது. இந்தியத் தெய்வங்களுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. இந்திரன், அக்னி, வருணன், யமன், காளி என்ற வரிசையில் கார்த்திகேயனும் நிற்கிறான். நம் முருகன்தான். அவனுக்கும் கவச எண் உண்டு, உயிர்ப்புள்ளி உண்டு. தமிழ் வாசகர் தேடும் முருகன் அங்கே இல்லை. காவடி, சஷ்டி விரதம், மொட்டை, பாதயாத்திரை எதுவும் இல்லை. பக்தன் தன் உடம்பிலும் நாள்காட்டியிலும் கடவுளை எப்படிச் சுமக்கிறான் என்பதை எழுத அந்த நூலில் பத்தியே ஒதுக்கப்படவில்லை. ஆசிரியர்களுக்கு மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அவர்கள் வைத்திருந்த படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

அந்தப் படிவத்தை மாற்றியவர் கிரெக் ஸ்டாஃபோர்ட். 1966இல், விஸ்கான்சினின் பெலாய்ட் கல்லூரியில் படித்தபோது, குளோராந்தா என்ற உலகத்தின் புராணங்களை எழுதத் தொடங்கினார். அப்போது இந்த ஆட்டவகையே பிறக்கவில்லை. அதனால் ஆட்டத்துக்காகக் கடவுளர் படைக்கப்படவில்லை. கடவுளர் கதைகள் ஆட்டத்தைத் தேடிக்கொண்டன. 1978இல் ஸ்டீவ் பெர்ரினும் நண்பர்களும் விதி எழுத, ‘ரூன்குவெஸ்ட்’ வந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்’ இத்துறையின் முதல் பெரும் நூல் என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்த நூலில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் முதலில் புராணம் வருகிறது. பிறகு கேள்விகள் எல்லாம் அடியாரைப் பற்றியவை. செத்தபின் எங்கே போவார்? சாதாரண பக்தர் என்ன தர வேண்டும்? தீட்சை பெறுவது எப்படி? எந்தச் சாமியோடு உறவு, எதோடு பகை? தீட்சை பெற்றவர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். குணப்படுத்தும் தேவியான சலானா அரோயின் அடியார் எவரையும் துன்புறுத்துவதில்லை என்று சபதம் எடுக்கிறார். வாளேந்திய நண்பர்களோடு பயணம் போகும் ஒருவருக்கு அது எப்பேர்ப்பட்ட சுமை என்பதை மேசையில்தான் உணர முடியும். சாவின் தெய்வமான ஹூமாக்டிடம் வரம் வாங்கினால் அதற்கீடாக ஒரு விரதமும் ஏற்க வேண்டும். பிட்டூரியன் வரோஷ் என்ற வணிகரின் பயணக் கதையும் அத்தியாயம்தோறும் தொடர்கிறது. சாமிகளை அவர் சந்திப்பதில்லை. அவற்றைக் கும்பிடுகிற மனிதர்களைச் சந்திக்கிறார்.

விதியிலேயே பக்தி இருந்தது என்பதுதான் இதில் வியப்பு. தெய்வ மந்திரம் வேண்டுமென்றால், ஆட்டக்காரர் தம் பாத்திரத்தின் ஆன்மபலம் என்ற எண்ணில் ஒரு பங்கை நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டும். உயிர் போகும் நேரத்தில் தெய்வத்தை நேரடியாகக் கூப்பிடலாம். நூறுவரை காட்டும் பகடையை உருட்டி, ஆன்மபலத்துக்குள் எண் விழுந்தால் தெய்வம் வரும். மனிதரின் ஆன்மபலம் தொடக்கத்தில் பதினெட்டைத் தாண்டாது என்பதால் பெரும்பாலும் வராது. வந்தால், விழுந்த எண் அளவுக்கு ஆன்மபலம் போய்விடும். எண் சரியாக ஆன்மபலத்துக்குச் சமமாக விழுந்தால் கேட்டது கிடைக்கும். கேட்டவர் தெய்வத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவார். ஒரு பகடை வீச்சுக்குள் நேர்த்திக்கடனையும் அருளையும் சாவையும் அடக்கிய வேறொரு விதியை இத்துறையில் காண்பது அரிது.

குளோராந்தாவின் புராணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். புயல் தெய்வம் ஒர்லாந்த், சூரியப் பேரரசன் யெல்மைக் கொன்றான், உலகம் இருண்டது. பிறகு செய்த பிழையைச் சரிசெய்ய ஒர்லாந்த் துணைவர்களோடு பாதாளம் இறங்கி ஒளியை மீட்டான். மலைநாட்டுக் குடிகளுக்கு இது பொறுப்பேற்கும் வீரனின் கதை. சூரியனைத் தொழும் பேரரசில் அதே ஒர்லாந்த் கலகக்காரன். எது உண்மை என்று ஸ்டாஃபோர்ட் தீர்ப்புச் சொல்லவில்லை; இரு தரப்புக் கோயில்களிலும் மந்திரம் பலிக்கிறது.

அந்த உலகின் பழைய யுகத்தில் ‘காட் லேர்னர்ஸ்’ எனப்பட்ட அறிஞர் கூட்டம் ஒன்று உண்டு. எல்லாப் புராணமும் அடிப்படையில் ஒன்றே என்று நினைத்தவர்கள். தானியத் தேவியர் எல்லாரும் ஒருவரே என்று முடிவுகட்டி, இரண்டு நாட்டுத் தேவியரை இடம் மாற்றி வைத்தார்கள். விளைச்சல் பொய்த்தது. கடைசியில் அவர்களுடைய பேரரசே அழிந்தது. ஒப்பியல் ஆய்வில் ஊறிய எவரும் இந்தக் கதையை இரண்டு முறை படிக்க வேண்டும். ஊர்த்தெய்வம் அந்த ஊரின் மண்ணோடும் மழையோடும் கட்டுண்டது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன கற்பனைகள் குறைவு.

இதே காலத்தில் மற்றொரு பேருலகமும் வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியவியலும் உருதும் கற்பித்த மொழியியலாளர் எம்.ஏ.ஆர். பார்க்கர், 1975இல் ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ நூலில் டேகுமெல் உலகை வெளியிட்டார். அங்கே நிலைத்தன்மைக்கு ஐந்து தெய்வங்கள், மாற்றத்துக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைத்தெய்வம். பகைக் கோயில்கள் ஒரே நகரில் அடுத்தடுத்து நின்றன. வெளிப்படையாக மோதக்கூடாது என்ற உடன்படிக்கை அவற்றைக் கட்டியது. சமயத்தை அரசியலாகவும் காட்டிய நுட்பமான படைப்பு. ஆனால் 1991இல் பார்க்கர் புனைபெயரில் ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியதை டேகுமெல் அறக்கட்டளை 2022இல் ஒப்புக்கொண்டது. அதை மறைத்துவிட்டு இந்த உலகைப் புகழ முடியாது.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகம் வேறு வழியில் போனது. கனடாவின் எட் கிரீன்வுட் 1981இல் ‘டிராகன்’ இதழில் தம் கடவுளரை அறிமுகப்படுத்தினார். நார்ஸ் தெய்வமான டைரும், ஃபின்லாந்தின் மியேலிக்கியும் லோவியாட்டரும் கற்பனைத் தெய்வங்களோடு கலந்து நின்றார்கள். 1989இல் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு கொலையாளி என்ற பாத்திர வகையை நீக்கியபோது, அதற்கு ஈடாக அந்த உலகில் தெய்வங்கள் மண்ணுக்குத் தள்ளப்பட்டன. கொலைத் தெய்வம் பால் மாண்டது. விதிப்புத்தக மாற்றத்துக்காக ஒரு கடவுளைக் கொல்வது வணிகம்தான். இருந்தும் அந்தச் சாவிலிருந்தே 1998இன் ‘பால்டர்ஸ் கேட்’ கணினி விளையாட்டு முளைத்தது. அதன் நாயகர் மாண்ட தெய்வத்தின் பிள்ளை.

அந்த உலகின் ‘நம்பாதோர் சுவர்’ இன்னும் கசக்கிறது. எந்தக் கடவுளையும் ஏற்காதவரின் ஆன்மாவைச் சுவரில் செங்கல்லாக வைத்துப் பூசிவிடுவார்கள். இங்கே பக்தி கட்டாய வரியாகிவிடுகிறது. 2007இல் வந்த ‘மாஸ்க் ஆஃப் த பிட்ரேயர்’ விளையாட்டு அந்த அநீதியையே கதையின் மையமாக்கியது சரியான பதில்.

கீத் பேக்கரின் ‘எபரான்’ (2004) கேள்வியைத் திருப்பிப் போட்டது. அதே ஆட்டத்துக்குப் புதிய உலகு வேண்டி நடந்த தேடலில் வந்த 11,000க்கும் மேற்பட்ட முன்மொழிவுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது அது. அங்கே கடவுள் யாருக்கும் காட்சி தருவதில்லை. மந்திரம் பலிக்கிறது, அது கடவுளிடமிருந்து வருகிறதா, நம்புகிறவரின் உறுதியிலிருந்தா என்பதற்குச் சான்றில்லை. பொல்லாத பூசாரிக்கும் மந்திரம் பலிக்கிறது. சந்தேகத்துக்கு இடம் விட்டதால்தான் அங்கே நம்பிக்கை என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது.

ஸ்டாஃபோர்ட் 2018 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஆர்கேட்டாவில் காலமானார். ஷாமன் மரபில் வாழ்நாள் முழுவதும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், அமெரிக்கப் பூர்வகுடிகளின் முறைப்படி தாம் அமைத்துக்கொண்ட வியர்வைக் குடிலில் இறந்தார். ‘கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்’ வகுத்த படிவத்தைப் பின்பற்றிக் குளோராந்தாவின் வழிபாட்டு மரபுகள் 2023 முதல் பல தொகுதிகளாக வருகின்றன. முதல் ஆண்டிலேயே வந்த தொகுதிகளில் ஒன்று முழுக்க மண்ணின் தேவியருக்கானது.